பிழையும் பொருளும்: 'லைஃப் ஆஃப் பிரையன்' திரைப்படத்தின் நிலைபேறு – ஒரு மொழியியல் நோக்கு

1. முன்னுரை

நகைச்சுவைப் படைப்புகளுள் பெரும்பாலானவை காலத்தால் விரைந்து தேய்வன. ஓர் ஆண்டின் அரசியலை எள்ளி எழுதப்பட்ட நாடகம் அடுத்த தலைமுறைக்கு விளக்கக் குறிப்பின்றிப் புரிவதில்லை. குறிப்பின் துணையால் புரிந்த பின்னர் நகை பிறப்பதில்லை. இப்பொதுநிலைக்கு விலக்காக நிற்கும் படைப்புகள் சில உள. 1979ஆம் ஆண்டு வெளிவந்த 'லைஃப் ஆஃப் பிரையன்' என்னும் பிரித்தானியத் திரைப்படம் அவற்றுள் ஒன்று. 'மாண்ட்டி பைத்தான்' என்னும் பெயரில் இயங்கிய அறுவர் இதனை எழுதி நடித்தனர். அவர்களுள் ஒருவரான டெரி ஜோன்ஸ் இயக்கினார். பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் 1999இல் வெளியிட்ட, இருபதாம் நூற்றாண்டின் சிறந்த 100 பிரித்தானியப் படங்களின் பட்டியலில் இது 28ஆம் இடத்தைப் பெற்றது. 2014இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் விவிலிய அறிஞர்களும் வரலாற்றறிஞர்களும் கூடி, இப்படத்தை முன்வைத்து முதல் நூற்றாண்டு யூதேயாவைப் பற்றி ஆராய்ந்தனர். அக்கருத்தரங்கக் கட்டுரைகள் மறு ஆண்டில் நூலாகவும் வந்தன.

இத்தகைய படங்களை ஆங்கிலத் திறனாய்வாளர் 'கல்ட்' படங்கள் என்பர். மீண்டும் மீண்டும் பார்த்து உரையாடலை மனப்பாடமாக ஒப்பிக்கும் ஒரு பற்றாளர் கூட்டமே இவற்றின் அடையாளம். நன்னூலார் தகுதி வழக்கின் மூவகையுள் ஒன்றாகக் கூறும் குழூஉக்குறியோடு இவ்வழக்கத்தை ஒப்பிடலாம். ஒருவர் ஒரு தொடரின் முற்பகுதியைச் சொல்ல மற்றவர் பிற்பகுதியைச் சொல்லி முடிப்பாராயின், இருவரும் ஒரு குழுவினர் என்பது உறுதியாகிறது. ஆயின் இவ்விளக்கம் மட்டும் போதாது. குழு கலைந்தால் குறியும் மறைய வேண்டும். இப்படமோ தன் முதற்குழுவைக் கடந்து, அது பிறந்தபோது பிறவாதவரிடத்தும் செல்வாக்குப் பெற்றுள்ளது.

இந்நிலைபேற்றுக்குக் காரணம் படத்தின் நகை பெரிதும் மொழியின் இயல்புகளின் மேல் கட்டப்பட்டிருப்பதே என்பது இக்கட்டுரையின் கருத்து. தவறாகக் கேட்டல், தொடர் முற்றுப்பெறாமை, வேற்றுமைப் பிழை, ஒலிப்புக் குறை, விடை வேண்டா வினா, பெயர்களின் சொல்வரிசை என இதன் முதன்மைக் காட்சிகள் ஒவ்வொன்றும் ஒரு மொழி நிகழ்வில் வேர்கொண்டுள்ளன. அரசியல் மாறினும் இவை மாறுவன அல்ல. அவற்றைக் காட்டுவதோடு, அவற்றின் வழியாக இப்படம் அதிகாரத்தைப் பற்றிக் கூறுவது யாது, அதன் நகை எங்கே தவறுகிறது என்பனவற்றையும் காண்போம்.

2. படத்தின் பின்புலம்

இயேசு பிறந்த அதே இரவில் அடுத்த தொழுவத்தில் பிறந்தவன் பிரையன். வளர்ந்தபின் உரோமை ஆட்சியை எதிர்க்கும் ஒரு சிறு குழுவில் சேர்கிறான். படைவீரரிடமிருந்து தப்பியோடுகையில் தற்செயலாக இறைவாக்கினன் எனக் கருதப்படுகிறான். விருப்பமின்றியே அடியார் கூட்டத்தைப் பெறுகிறான். இறுதியில் சிலுவையில் அறையப்படுகிறான். இயேசு வேறொருவராகவே படத்தில் தோன்றுகிறார், மலைப்பொழிவை நிகழ்த்துகிறார். அவர்தம் போதனையில் எள்ளுவதற்கு ஏதுமில்லை எனக் கண்டே பிறிதொரு மனிதனைப் படைத்ததாகக் குழுவினர் பின்னர் விளக்கினர்.

படப்பிடிப்புக்குச் சற்று முன்னர், கதையுரையின் உள்ளடக்கத்துக்கு அஞ்சிய இ.எம்.ஐ. நிறுவனம் முதலீட்டைத் திரும்பப் பெற்றது. பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 'ஹேண்ட்மேட் ஃபிலிம்ஸ்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கிப் பொருளுதவினார். படத்தைப் பார்க்க வேண்டும் என்னும் விருப்பமே அவர்தம் காரணம். 1978இல் துனிசியாவில், ஃபிராங்கோ செஃபிரெல்லியின் 'ஜீசஸ் ஆஃப் நாசரேத்' தொடருக்காக எழுப்பப்பட்ட அரங்க அமைப்புகள் சிலவற்றையும் பயன்படுத்திப் படம் எடுக்கப்பட்டது. வெளியானபின் பிரித்தானியாவின் உள்ளாட்சி மன்றங்கள் பல இதனைத் தடுத்தன. நார்வேயில் 1980இல் தடை விதிக்கப்பட்டது. அயர்லாந்தில் 1987 வரை தடை நீடித்தது. நார்வேயில் தடை செய்யப்படும் அளவுக்கு நகைப்பூட்டும் படம் என்று சுவீடனில் விளம்பரம் செய்யப்பட்டதும் உண்டு.

குழுவினருள் சாப்மன், கிளீஸ், ஐடில் மூவரும் கேம்பிரிட்ஜிலும், ஜோன்ஸ், பேலின் இருவரும் ஆக்ஸ்ஃபோர்டிலும் பயின்றவர், கில்லியம் அமெரிக்கர். இலத்தீன் இலக்கணத்தைத் தண்டனையோடு சேர்த்துக் கற்பித்த ஒரு பள்ளி மரபின் நினைவு படத்தில் ஆழமாகப் பதிந்துள்ளதைப் பின்னர்க் காண்போம்.

3. கேட்டலும் பொருள்கொள்ளலும்

படத்தின் தொடக்கத்தில் மலைப்பொழிவு நிகழ்கிறது. ஒளிப்பதிவுக் கருவி பேசுபவரை விட்டு மெல்லப் பின்வாங்கிக் கூட்டத்தின் கடைசி வரிசைக்கு வருகிறது. அங்குக் குரல் தெளிவாக எட்டவில்லை. 'அமைதி செய்வோர்' என்பதற்குரிய ஆங்கிலச் சொல் 'பாலாடைக்கட்டி செய்வோர்' என்று கேட்கப்படுகிறது. 'பீஸ்', 'சீஸ்' ஆகிய இரண்டும் முதல் மெய்யொலியிலும் இறுதி மெய்யொலியிலும் வேறுபட்டு, இடையிலுள்ள நெடில் உயிரொலியால் ஒத்து ஒலிக்கும் சொற்கள். ஒலியனியலை விளக்க வகுப்பறையில் எடுத்துக்காட்டும் இணைச்சொற்களை நெருங்கிய ஓர் இணை இங்கு நகைக்குக் கருவியாகிறது.

ஆயின் நகை பிழையோடு முடிவதில்லை. தவறாகக் கேட்டவர்களுள் ஒருவர் அச்சொல்லுக்கு உடனே உரை காண்கிறார். அதனை அப்படியே கொள்ளலாகாது, பாற்பொருள் செய்வோர் அனைவரையும் அது குறிக்கும் என்கிறார். ஏட்டுச் சுவடிகளின் பாடவேறுபாடுகளோடு பழகியவர்க்கு இக்காட்சி வெறும் வேடிக்கையாகத் தோன்றாது. பிழையான பாடம் ஒன்று வழக்கில் நிலைத்துவிட்டால் அதற்கும் நயமான உரை எழுதப்படுவதை அவர் அறிவர். பொருள் விளங்காதபோது மனம் வாளாவிருப்பதில்லை. கிடைத்ததைக் கொண்டு பொருளை ஆக்கிக்கொள்கிறது. மூலம் பிழையானது என்னும் ஐயமே எழாத அளவுக்கு விளக்கம் செம்மையாக அமைந்துவிடுவதே இதிலுள்ள இடர்.

இதன் மறுதலையை வேறொரு காட்சி காட்டுகிறது. படைவீரரிடமிருந்து தப்பும் பிரையன் இறைவாக்கினர் வரிசையில் நின்று வாயில் வந்ததைப் பேசுகிறான். எவரும் பொருட்படுத்துவதில்லை. 'கொடுக்கப்படும்' என்னும் வினையைச் சொல்லிக்கொண்டிருக்கையில் வீரர் அகன்றுவிட, கொடுக்கப்படுவது யாது என்பதைச் சொல்லாமலே நிறுத்தி நடக்கிறான். அப்போதுதான் கூட்டம் அவனைப் பின்தொடர்கிறது. சொன்னவை அனைத்தும் புறக்கணிக்கப்பட, சொல்லாமல் விட்டதே மறைபொருளாகிறது. முற்றுப்பெறாத தொடர் முடிபை வேண்டி நிற்கும் என்பது இலக்கண உண்மை. அவ்வேட்கையிலிருந்தே ஒரு சமயம் பிறப்பதாகப் படம் காட்டுகிறது.

இக்காட்சியைத் தமிழாக்கம் செய்ய முற்படின் ஒரு சிக்கல் எழும். தமிழில் வினைமுற்று தொடரின் இறுதியில் நிற்பது. 'கொடுக்கப்படும்' என்றதும் தொடர் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் வினைக்குப் பின்னும் தொடர் நீளக்கூடும் என்பதனாலேயே கேட்போர் காத்திருக்கின்றனர். மொழிபெயர்ப்பாளர் வினைக்கு முன்னரே பிரையனை நிறுத்த வேண்டியிருக்கும். இந்நகை எவ்வளவு நுட்பமாகத் தொடரமைப்பைச் சார்ந்துள்ளது என்பதற்கு இதுவே சான்று.

4. சொல்லைப் பயன்படுத்தலும் சொல்லைச் சுட்டலும்

இறைவனின் திருப்பெயரை உச்சரித்ததற்காக முதியவர் ஒருவர் கல்லெறிந்து கொல்லப்படவிருக்கிறார். இரவுணவின் சுவையைப் பாராட்டுகையில் அப்பெயர் அவர் வாயில் வந்துவிட்டது. குற்றச்சாட்டைப் படிக்கும் அதிகாரி அப்பெயரைச் சொல்லாமல் குற்றத்தைக் கூற இயலாது, சொல்கிறார், அவர் மீதும் கல் விழுகிறது. ஒழுங்கை நிலைநாட்ட, எவரேனும் அப்பெயரைச் சொன்னாலும் தான் ஊதும்வரை கல்லெறியலாகாது என்று ஆணையிடுகையில் மீண்டும் அதனை உச்சரிக்கிறார். பெரும்பாறை ஒன்றின் கீழ் மடிகிறார்.

ஒரு சொல்லைப் பயன்படுத்துதலும், அச்சொல்லைப் பற்றிப் பேசுதற்பொருட்டு அதனைச் சுட்டுதலும் வேறு வேறு என்பது தருக்கவியலாரும் மொழியியலாரும் வலியுறுத்தும் அடிப்படை வேறுபாடு. சட்டம் அவ்வேறுபாட்டை அறியாதபோது, அச்சட்டத்தைச் செயற்படுத்துவோனும் குற்றவாளியாகிறான்.

இப்படத்துக்கு நேர்ந்ததும் இதுவே என்பது கருதத்தக்கது. 1977இல் இங்கிலாந்தில் ஓர் இதழாசிரியர் இறைநிந்தைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டிருந்தார். அச்சூழலில் வெளிவந்தது இப்படம். 1979 நவம்பர் 9ஆம் நாள் பி.பி.சி. தொலைக்காட்சியில் நடைபெற்ற விவாதத்தில் எழுத்தாளர் மால்கம் மகரிட்ஜும் சதர்க் ஆயர் மெர்வின் ஸ்டாக்வுட்டும் படத்தைக் கடுமையாகக் கண்டித்தனர். கிளீஸும் பேலினும் விடையிறுத்தனர். கண்டித்தவர்தம் வாதத்தில் பிரையனும் இயேசுவும் வேறுபடுத்தப்படவில்லை. சிலுவை என்னும் குறியைச் சுட்டியதே அதனை இழிவுசெய்ததாகக் கொள்ளப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்சிலும் இறைநிந்தைக் குற்றம் 2008இல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

ஆயினும் ஒன்றைக் கூறுதல் நேர்மை. சுட்டுதல் எப்போதும் தீங்கற்றது எனல் பொருந்தாது. ஓர் இழிசொல் மேற்கோளாக எடுத்தாளப்படினும் அதற்கு இலக்கானவரைத் தைக்கக்கூடும் என்பதை மொழியியலார் அறிவர். நம்பிக்கையாளரின் புண்பட்ட உணர்வைப் பொய்யென ஒதுக்குதல் எளிது; முறையன்று. அவ்வுணர்வு உண்மையாயினும் கல்லெறிதலுக்கு அது ஏதுவாகாது என்பதே படத்தின் நிலை, அதுவே ஏற்கத்தக்கது.

5. இலக்கணமும் வாளும்

இப்படத்தின் காட்சிகளுள் மொழி ஆசிரியர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது இலத்தீன் பாடக் காட்சி. நள்ளிரவில் ஆளுநர் மாளிகைச் சுவரில், உரோமையரை வீட்டுக்குப் போகச் சொல்லும் முழக்கத்தைப் பிரையன் எழுதுகிறான். நூற்றுவர் தலைவன் ஒருவன் பின்னால் வந்து தோளைப் பற்றுகிறான். சாவு நெருங்கியது என்று எண்ணுகிறோம். அவனோ முழக்கத்தின் இலக்கணப் பிழையைக் கண்டு சினக்கிறான். காதைத் திருகிப் பாடம் நடத்துகிறான்.

எழுதப்பட்ட மூன்று சொற்களிலும் பிழை உண்டு. 'உரோமையரே' என விளித்தற்கு 'ரொமானி' என்னும் பன்மை விளி வேண்டும். பிரையன் 'ரொமானேஸ்' என வேறொரு விகற்ப வாய்பாட்டில் எழுதியுள்ளான். ஏவற்பன்மையாகிய 'ஈதே' வர வேண்டிய இடத்தில் 'அவர்கள் போகிறார்கள்' எனப் பொருள்படும் படர்க்கைப் பன்மை 'எயுந்த்' வந்துள்ளது. 'வீட்டை நோக்கி' என்னும் பொருளில் 'தொமும்' வேண்டும். எழுவாய் வடிவமாகிய 'தொமுஸ்' எழுதப்பட்டுள்ளது. திருத்த முயலும் பிரையன் முதலில் நான்காம் வேற்றுமையைச் சொல்ல, தலைவன் வாளை அவன் கழுத்தில் வைக்கிறான். சேரிடத்தைக் குவ்வுருபால் உணர்த்தும் தமிழர்க்கு இப்பிழை மிக இயல்பானதாகத் தோன்றும். இலத்தீனோ இங்கு இரண்டாம் வேற்றுமையை வேண்டுகிறது.

உரையாடலின் முடிவில் 'தொமும்' என்பது இடவேற்றுமை எனப் பிரையன் கூற, தலைவன் அதனை ஏற்கிறான். இது தவறு. இடவேற்றுமை வடிவம் 'தொமி'. அதன் பொருள் 'வீட்டில்'. 'தொமும்' முன்னிடைச்சொல் இன்றி நின்று சேரிடத்தை உணர்த்தும் இரண்டாம் வேற்றுமையே. எழுதியவர்கள் அறிந்து செய்தனரோ, அறியாது செய்தனரோ, விளைவு பொருத்தமானது: வாளேந்தித் திருத்துபவனும் வடிவத்தைச் சரியாகச் சொல்லி, அதன் பெயரைத் தவறாகச் சொல்கிறான். வாள் கையில் இருப்பதனால் அவன் பிழை பிழையாகக் கருதப்படுவதில்லை.

இக்காட்சியின் உச்சம் இனித்தான். திருத்தப்பட்ட முழக்கத்தை விடியுமுன் நூறுமுறை எழுதுமாறு தலைவன் தண்டனை விதிக்கிறான். விடிகிறது, மாளிகைச் சுவரெங்கும் பிழையற்ற இலத்தீனில் ஆட்சி எதிர்ப்பு முழக்கம் நிறைந்து நிற்கிறது. வடிவத்தை மட்டும் நோக்கியவன் பொருளைக் காணத் தவறினான். ஒன்றாயிருந்த கலகக் குரலை நூறாக்கியவனும் அவனே. ஆளும் மொழியைச் செவ்வையாகக் கற்றவனே அவ்வாட்சியைச் செவ்வையாக எதிர்க்கவும் வல்லனாகிறான் என்னும் உண்மை, குடியேற்ற ஆட்சியை அறிந்த நாட்டினர்க்குப் புதிதன்று. ஆங்கிலம் கற்பிக்கப்பட்ட இந்தியர் அவ்வாங்கிலத்தாலேயே விடுதலை கேட்டனர்.

6. விடை வேண்டா வினா

எதிர்ப்புக் குழுவின் தலைவன் உரோமையர் நமக்குச் செய்தது யாது எனக் கேட்கிறான். இது விடையை வேண்டும் வினா அன்று. 'ஒன்றுமில்லை' என்னும் எதிர்மறையை வற்புறுத்தும் வினா. உறுப்பினர் ஒருவர் தயங்கித் தயங்கி, நீர்கொண்டுவரும் கால்வாய் என்கிறார். அடுத்தடுத்துக் கழிவுநீர் வசதி, சாலைகள், பாசனம், மருத்துவம், கல்வி எனப் பட்டியல் நீள்கிறது. தலைவன் ஒவ்வொன்றையும் விலக்காகச் சேர்த்துக்கொண்டு வினாவைத் திரும்பக் கேட்கிறான். வினா வடிவால் எதிர்மறையை உணர்த்துவதாகவே நிற்க, அதனுள் செருகப்பட்ட விலக்குகள் அவ்வெதிர்மறையை வெறுமையாக்கிவிடுகின்றன. உரைச்செயலின் வடிவத்துக்கும் உள்ளீட்டுக்கும் இடைப்பட்ட இவ்விரிசலே நகையின் பிறப்பிடம்.

இவ்வமைப்பு ஆங்கில அரசியல் வாதங்களில் ஓர் அச்சாகவே பயன்பட்டு வருகிறது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையை ஆதரித்து 2016இல் 'கார்டியன்' நாளிதழ் வெளியிட்ட, பாட்ரிக் ஸ்டூவர்ட் நடித்த குறும்படம் இவ்வச்சில் வார்க்கப்பட்டதே. உரோமையரின் இடத்தில் எதனை வைத்தாலும் அமைப்புச் சிதைவதில்லை. இந்நெகிழ்ச்சியும் நிலைபேற்றின் காரணங்களுள் ஒன்றாகும்.

ஆயின் இந்திய வாசகர் இக்காட்சியில் முழுமனத்தோடு நகைத்தல் அரிது. இருப்புப்பாதை, அஞ்சல், ஆங்கிலக் கல்வி எனத் தொடங்கும் வேறொரு பட்டியலை அவர் பலமுறை கேட்டிருப்பார். பேரரசை இழந்த நாட்டினர் அடிமைப்பட்ட மக்களின் வாயிலாகவே பேரரசின் நன்மைகளைச் சொல்லவைக்கின்றனரோ என்னும் ஐயம் எழுவது இயல்பு. ஐயம் தகுதியுடையதே. எனினும் காட்சியைத் தனியே பிரிக்காமல் படத்தோடு சேர்த்து நோக்கின் வேறொன்று புலனாகிறது. பட்டியலில் வரியும் அடிமைமுறையும் சிலுவையும் இடம்பெறவில்லை. படம் முடிகையில் குன்றின் மேல் வரிசையாகச் சிலுவைகள் நிற்கின்றன. உரோமையர் செய்தது யாது என்னும் வினாவுக்குரிய எஞ்சிய விடையை அவ்விறுதிக் காட்சி சொற்களின்றித் தந்துவிடுகிறது. பட்டியலை மட்டும் மேற்கோள் காட்டுவோர் விடையின் பாதியையே காட்டுகின்றனர்.

7. கூட்டத்தின் குரல்

எதிர்ப்புக் குழுக்களின் பெயர்கள் 'மக்கள்', 'முன்னணி', 'யூதேயா' ஆகிய ஒரே சொற்களால் ஆனவை. வரிசை மட்டுமே வேறு. பொருள் ஒன்றாயினும் வரிசை வேற்றுமை தீராப் பகையாகிறது. 1970களின் இடதுசாரிக் குழுக்களை நோக்கி எழுதப்பட்ட இந்நகை, எந்நாட்டு அரசியலை அறிந்தவர்க்கும் விளக்கம் வேண்டாது விளங்கும். பிரையன் கைதானான் என்னும் செய்தி வந்ததும் அக்குழுவினர் செய்வது தீர்மானம் நிறைவேற்றுவது. சிலுவையில் தொங்குபவன் முன் வந்து நின்று அவர்கள் படிப்பதும் ஒரு தீர்மானமே. அவர்களிடம் சொல் உண்டு; ஏணி இல்லை.

அடியார் கூட்டத்தின் நிலையும் இதனினும் மேம்பட்டதன்று. பிரையன் விட்டுச்சென்ற சுரைக்குடுக்கையைப் பற்றுவோர் ஒருசாரார். நழுவிய செருப்பைப் பற்றுவோர் மற்றொரு சாரார். செருப்பை ஏந்துவதா, ஒரு செருப்பைக் கழற்றிவிடுவதா என அங்கும் பிளவு. மறுநாட்காலை பிரையன் பலகணியில் நின்று, எவரையும் பின்பற்ற வேண்டா, நீங்கள் ஒவ்வொருவரும் தனித்தன்மை உடையவர் என்கிறான். கூட்டம் ஒரே குரலில் அதனை வழிமொழிகிறது. ஒரே ஒருவன் மட்டும் தான் அப்படியில்லை என மறுக்கிறான். சொல்லின் பொருளைச் சொல்லும் செயலே பொய்யாக்குவதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது: உடன்பட்டோர் உடன்பட்டமையால் பொய்த்தனர், மறுத்தவன் மறுத்தமையால் மெய்ப்பித்தான்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்குக் கூறும் நான்கு நிலைக்களன்களுள் பேதைமையும் மடனும் வெவ்வேறாக வைக்கப்பட்டுள்ளன. பேதைமை அறிவின்மை, மடன், பிறர் கொளுத்தக் கொண்டதை விடாது பற்றும் இயல்பு என உரையாளர் வேறுபடுத்துவர். மேலை நகைச்சுவைக் கோட்பாடுகளில் எளிதிற் கிடைக்காத இவ்வேறுபாடு இப்படத்துக்கு மிகப் பொருந்துகிறது. இதன் மாந்தர் அறிவற்றவர் அல்லர். வாதிடுகின்றனர், உரை எழுதுகின்றனர், இலக்கணம் திருத்துகின்றனர். கொண்டதை விடாமையே அவர்களை நகைக்குரியவர் ஆக்குகிறது. படம் எள்ளுவது நம்பிக்கையை அன்று, மடனை எனலாம். அதனாலேயே அது ஆட்சியாளர், புரட்சியாளர், அடியார் எனும் முத்திறத்தாரையும் ஒருங்கே தாக்குகிறது.

முன்னுரையில் சுட்டிய பற்றாளர் கூட்டத்தை இங்கு நினைவுகூர்தல் தகும். பலகணிக் காட்சியின் உரையாடலை ஒரே குரலில் ஒப்பிக்கும் பார்வையாளர், அக்காட்சியில் தாமே நடிப்பவராகிவிடுகின்றனர். தன்னைப் பற்றுவோரையும் விடாது எள்ளும் படம் இது.

8. நகை தவறும் இடங்கள்

ஆளுநர் பிலாத்துவுக்கு ரகரம் ஒலிக்க வராது. வகரச் சாயலில் ஒலிக்கும். விடுவிக்கப்பட வேண்டியவர் யார் எனக் கேட்கும் அவரிடம், மக்கள் வேண்டுமென்றே ரகரம் மிக்க பெயர்களைச் சொல்லி நகைக்கின்றனர். விவிலியத்தில் நியாயாதிபதிகள் நூலின் 12ஆம் அதிகாரம் ஒலிப்பால் உயிரிழந்தோரைக் கூறுகிறது: 'ஷிப்போலெத்' எனச் சொல்ல இயலாத எப்பிராயீமர் ஆற்றுத்துறையில் வெட்டப்பட்டனர். அங்கு ஒலிக்க இயலாதவர் அதிகாரமற்றவர். இங்கோ அதிகாரமே ஒலிக்க இயலாது நிற்கிறது. வரலாற்றின் ஒரு கொடுமையை இக்காட்சி தலைகீழாக்குகிறது எனலாம்.

எனினும் நகைப்பின் இலக்கு உடற்குறையே என்பதை மறைத்தல் இயலாது. அதிகாரம் உடையவன் மேல் எறியப்படும் எள்ளல், அதே குறையுடைய எளியவன் மேலும் தெறிக்கும். சிறைக்காவலரின் திக்குவாயும் இவ்வாறே நகைக்குப் பயன்படுகிறது. பிறர் அகன்றதும் அவர்கள் இயல்பாகப் பேசுவதாகக் காட்டி, அது நடிப்பு எனப் படம் தன்னைக் காத்துக்கொள்கிறது. பிலாத்துவாக நடித்த பேலினின் தந்தையார் திக்குவாய் உடையவர். பின்னாளில் திக்கிப் பேசும் சிறார்க்கென இலண்டனில் 1993இல் தொடங்கப்பெற்ற மையம் பேலினின் பெயரையே தாங்கியுள்ளது. இதனை அறிந்தபின் அக்காட்சிகளைப் பார்ப்போர்க்கு நகையோடு வேறோர் உணர்வும் கலந்தே தோன்றும்.

பெண்ணாக வாழவும் பெண்பெயரால் அழைக்கப்படவும் விரும்பும் உறுப்பினர் ஒருவரைப் பற்றிய காட்சியும் இன்று ஒருமித்த நகையை எழுப்புவதில்லை. மேடை வடிவத்தில் அதனை வைத்துக்கொள்வதா, நீக்குவதா என்பது 2023இல் செய்தித்தாள்களில் விவாதமாயிற்று. நீக்கும் எண்ணம் தமக்கில்லை எனக் கிளீஸ் அறிவித்தார். குழுவின் வெற்றுத் தீர்மான மொழியை எள்ளுவதே காட்சியின் நோக்கம் என்பாரும், அவ்வுறுப்பினரின் விருப்பமே எள்ளப்படுகிறது என்பாரும் உளர். இரு பொருளும் பனுவலில் உள்ளன என்றே தோன்றுகிறது. மனிதர் கொண்டதை விடாமையை எள்ளும் இடங்களில் படம் தேயவில்லை. மனிதரால் விட இயலாததை எள்ளும் இடங்களில் தேய்ந்துள்ளது.

9. முடிவுரை

படம், சிலுவையில் தொங்குவோர் வாழ்வின் ஒளிமிகு பக்கத்தை நோக்குமாறு பாடும் பாடலோடு முடிகிறது. எரிக் ஐடில் இயற்றிய அப்பாடல் படத்தை விட்டுப் பிரிந்து தனிவாழ்வு பெற்றுவிட்டது. 1982இல் ஃபாக்லாந்துப் போரில் ஏவுகணையால் தாக்குண்ட 'ஷெஃபீல்ட்' போர்க்கப்பலின் மாலுமிகள் மீட்புக்குக் காத்திருக்கையில் இதனைப் பாடினர். பிரையனாக நடித்த சாப்மன் 1989இல் மறைந்தபின் அவர்தம் நினைவுக் கூட்டத்தில் இது பாடப்பட்டது. 2012 இலண்டன் ஒலிம்பிக் நிறைவு விழாவிலும் ஒலித்தது. சிலுவைக் காட்சியில் போலி ஆறுதலை எள்ள எழுதப்பட்ட பாடல், உண்மையாகவே ஆறுதல் வேண்டியவர்க்கு ஆறுதலாயிற்று. கேட்போர் தமக்கு வேண்டிய பொருளைத் தாமே ஆக்கிக்கொள்வர் என்று படம் முதற்காட்சியில் எள்ளிச் சொன்னதை, அதன் பாடலின் வரலாறு எள்ளலின்றி மெய்ப்பித்துள்ளது.

சொல் பேசுபவனை விட்டுப் பிரிந்ததும் அவன் வசம் இருப்பதில்லை. அதனைக் கைப்பற்றுவோர் கேட்போரும் திருத்துவோரும் தடுப்போருமே. பிரையன் அழிவது இவர்கள் அனைவரின் இடையே அகப்பட்டு. இப்படம் நாற்பதாண்டுகளுக்கு மேலாகியும் வாழ்வதற்கு இதுவே காரணம் என்பது இவ்வாய்வின் முடிவு.

மொழி கற்பிப்போர்க்கு இதில் ஒரு படிப்பினையும் உண்டு. விடைத்தாளில் வேற்றுமைப் பிழையைச் சிவப்பு மையால் வளைக்கும் நாம், அத்தொடரில் மாணவன் சொல்ல வந்ததை எத்தனை முறை படித்திருக்கிறோம்? நூற்றுவர் தலைவனைக் கண்டு நகைப்பவர், அவன் கையிலுள்ள வாளைத் தம் கையிலும் ஒருமுறை தேடிப்பார்த்தல் நன்று.